கைப்பேசியும் பெட்டிச் சாவிதான்

இரும்புப் பெட்டிச் சாவியை நம் பெரியவர்கள் இடுப்பில் செருகிக்கொண்டுதான் தூங்கினார்கள். கடைப் பையன் எவ்வளவு நம்பிக்கையானவனாக இருந்தாலும் கல்லாவில் உட்கார வைப்பார்களே தவிர, பெட்டிச் சாவியைக் கையில் கொடுக்கும் வழக்கம் கிடையாது. 2016 நவம்பர் 8ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பின்னர், அதே ஆண்டில் அறிமுகமாகியிருந்த யூ.பி.ஐ. முறை கடைகளுக்குள் வேகமாக நுழைந்தது. இன்று பத்து ரூபாய்க்குக் கறிவேப்பிலை, கொத்தமல்லி வாங்குகிறவரும் கைப்பேசியை நீட்டுகிறார். சில்லறைத் தட்டுப்பாடு குறைந்தது, கள்ள நோட்டுப் பயமும் குறைந்தது. இவை வியாபாரத்துக்கு நல்லவையே. ஆனால் பெட்டிச் சாவி இப்போது எங்கே இருக்கிறது என்பதை நம்மில் பலர் யோசித்துப் பார்ப்பதில்லை. அது நம் கைப்பேசியிலும், வங்கியோடு இணைத்திருக்கும் நம்பரிலும், அங்கங்கே கொடுத்து வைத்திருக்கும் ஆதார், பான் ஜெராக்ஸ்களிலும் பிரிந்து கிடக்கிறது. களவு போகிற பணத்தில் பெரும்பகுதி யாரோ பூட்டை உடைத்ததால் போவதில்லை. நாமே சாவியைக் கொடுத்துவிடுவதால்தான் போகிறது.

முதலில் அடிப்படையான ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடை முகப்பில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டை நம் கடை விலாசத்தைப் போன்றது. விலாசம் தெரிந்தவர் நம் கணக்கில் பணம் போட முடியும், எடுக்க முடியாது. யூ.பி.ஐ.யில் நாம் வைத்திருக்கும் நான்கு அல்லது ஆறு இலக்க ரகசிய எண், பணம் அனுப்புவதற்கும் இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்கும் மட்டுமே தேவை. பணம் வாங்குகிறவர் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, ரகசிய எண்ணை அடிக்க வேண்டியதில்லை, எதற்கும் சம்மதம் என்று அமுக்க வேண்டியதில்லை. ‘உங்களுக்குப் பணம் வர வேண்டுமானால் இதை ஸ்கேன் பண்ணுங்கள்’ என்று ஒருவர் சொன்னால், அவர் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மளிகைக் கடை, ஹார்டுவேர் கடை, இனிப்புக் கடைக்காரர்களைக் குறி வைத்துப் பல ஆண்டுகளாக நடந்துவரும் ராணுவ ஆர்டர் மோசடி. போனில் ஒருவர் பேசுவார். பக்கத்திலுள்ள ராணுவ முகாமிலிருந்தோ விமான நிலையப் பாதுகாப்புப் படையிலிருந்தோ பேசுவதாகச் சொல்வார். இந்தி கலந்த பேச்சாக இருக்கும். பத்து மூட்டை அரிசி, ஐந்து டின் எண்ணெய், பருப்பு, சர்க்கரை இவ்வளவு என்று பட்டியல் கொடுப்பார். விலையில் பேரம் பேச மாட்டார். (பேரம் பேசாமல் பத்து மூட்டை வாங்குகிற வாடிக்கையாளரை நான் என் கடையில் இதுவரை பார்த்ததில்லை. சந்தேகப்பட இது ஒன்றே போதும்.) சீருடை அணிந்த படம், அடையாள அட்டை, கேன்டீன் அட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். சரக்கைக் கட்டி வையுங்கள், வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும் என்பார்.

நாமும் ஆளை விட்டு எடை போட்டு, மூட்டை தைத்து, பில் போட்டு விடுவோம். அப்போதுதான் அடுத்த போன் வரும். ‘ராணுவத்தில் பணம் கொடுக்கும் முறை வேறு. முதலில் நீங்கள் ஒரு ரூபாய் அனுப்புங்கள், இரண்டு ரூபாய் திரும்பி வரும்’ என்பார். அனுப்பினால் இரண்டு ரூபாய் வரவும் செய்யும். அந்த இரண்டு ரூபாய்தான் தூண்டில் புழு. பிறகு ஒரு கியூ.ஆர். படத்தை அனுப்பி, ‘பில் தொகை 28,000 அதில் இருக்கிறது, ஸ்கேன் செய்து உங்கள் எண்ணை அடித்தால் 56,000 வரும், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்றோ, வேறு விதமாகக் குழப்பியோ சொல்வார். போனை வைக்க விடாமல் பேசிக்கொண்டே இருப்பார். கடையில் கூட்டம், கட்டி வைத்த சரக்கு வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, பெரிய பில். இந்த அவசரத்தில் எண்ணை அடித்துவிட்டால் பணம் நம் கணக்கிலிருந்துதான் போகும். வண்டி வராது.

மளிகையில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 28,000 ரூபாயை மீண்டும் சம்பாதிக்க 5,60,000 ரூபாய்க்கு வியாபாரம் செய்தாக வேண்டும். சிறு கடைக்கு அது எத்தனை மாத விற்றுமுதல் என்பதை அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த ஆளை இனங்காண ஒரே ஒரு பதில் போதும். ‘சரக்கு எடுக்க வரும்போது கடையில் இருக்கும் அட்டையில் ஸ்கேன் செய்து கொடுங்கள், இல்லையென்றால் ரொக்கமாகக் கொடுங்கள்.’ நிஜமான வாடிக்கையாளர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். இதே போல, ஒருவர் நம்மிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கைக்கு நாம் சம்மதம் கொடுத்தால் பணம் போய்விடும் என்ற வசதியும் யூ.பி.ஐ.யில் இருந்தது. அதை வைத்து நிறையப் பேரை ஏமாற்றியதால், தனி நபர் இன்னொரு தனி நபரிடம் அப்படிக் கோரிக்கை அனுப்புவது 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. கியூ.ஆர். படத்தை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வது மட்டும் நின்றபாடில்லை.

அடுத்தது கடையில் நேரில் நடப்பது. பணம் அனுப்பியதாகக் கைப்பேசித் திரையைக் காட்டிவிட்டுச் சரக்கை எடுத்துக்கொண்டு போவது. நிஜமான செயலியைப் போலவே பச்சை நிறக் குறியும் கடைப் பெயரும் தொகையும் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. ஆகவே வாடிக்கையாளர் திரை நமக்குச் சாட்சி ஆகாது. பணம் வந்ததை அறிவிக்கும் பெட்டி சொல்ல வேண்டும், அல்லது நம் கைப்பேசியில் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். அந்தப் பெட்டி சார்ஜ் இல்லாமலோ சிக்னல் இல்லாமலோ மௌனமாக இருக்கும் நேரம்தான் ஏமாற்றுகிறவர்களுக்கு வசதியான நேரம். மாலை ஆறு முதல் ஒன்பது வரை கூட்ட நேரத்தில் அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதை ஒரு பையனின் பொறுப்பில் விடலாம்.

அட்டையையே மாற்றி ஒட்டிவிடுகிறவர்களும் உண்டு. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தில் கஜுராஹோ ஊரில், இரவோடு இரவாகப் பல கடைகளின் கியூ.ஆர். அட்டைகள் மேல் வேறு அட்டைகளை ஒட்டிவிட்டார்கள். மறுநாள் வாடிக்கையாளர் கொடுத்த பணம் வேறு யாருக்கோ போனது. ஸ்கேன் செய்ததும் வேறு பெயர் வருகிறதே என்று வாடிக்கையாளர்கள் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. காலையில் கடை திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றும்போதே, வீட்டுக்காரர் கைப்பேசியிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பி யார் பெயர் வருகிறது என்று பார்த்துவிடலாம். ஷட்டருக்கு வெளியே அட்டையை ஒட்டி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இது உதவி என்ற பெயரில் நடக்கிறது. ‘அண்ணாச்சி, ஏ.டி.எம்.ல பணம் இல்ல, பத்தாயிரம் ஜிபே பண்ணிடுறேன், கேஷா குடுங்க’ என்று முன்பின் தெரியாத ஒருவர் கேட்பார். நூறு ரூபாய் கமிஷனும் தருவதாகச் சொல்வார். பணம் நம் கணக்கில் நிஜமாகவே ஏறும், பெட்டியும் சொல்லும். நாம் ரொக்கத்தைக் கொடுத்துவிடுவோம். ஆனால் அந்தப் பத்தாயிரம் வேறு மாநிலத்தில் யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கலாம். ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் போலீஸார் பணம் போன வழியைப் பின்தொடர்ந்து வருவார்கள். வழியில் நம் கணக்கு இருக்கும். வங்கி அதை முடக்கி வைக்கும். புகார் எந்த ஊரில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஊர்க் காவல் நிலையத்தோடு தொடர்புகொண்டு, நாம் குற்றவாளி இல்லை என்று விளக்க வேண்டியிருக்கும். அதுவரை கொள்முதலுக்குக் கொடுத்த செக் திரும்பும், மண்டியில் நம் பெயர் கெடும். சரக்கு விற்று வந்த பணமானால் காட்டுவதற்குப் பில் இருக்கிறது. ரொக்கம் மாற்றிக் கொடுத்ததற்கு என்ன பில் காட்டுவது? தெரிந்த வாடிக்கையாளருக்கு ஐந்நூறு ரூபாய் மாற்றிக் கொடுப்பது வேறு, முகம் தெரியாதவருக்குப் பத்தாயிரம் கொடுப்பது வேறு. இந்தக் காரணத்துக்காகவே, கடை அட்டையில் வரும் பணத்துக்கு ஒரு தனிக் கணக்கும், கொள்முதல் பட்டுவாடாவுக்கு வேறு கணக்கும் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று முடங்கினாலும் மற்றொன்று ஓடும்.

இனி நம்பருக்கு வருவோம். கடைப் பலகையிலும், பில் புத்தகத்திலும், காலண்டரிலும், பையிலும் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கும் நம்பரையே வங்கிக் கணக்கோடும் இணைத்திருக்கிறோம். ஓ.டி.பி. எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வருகிறது. அந்தக் கைப்பேசி கல்லா மேல் கிடக்கிறது. கடைப் பையன் எடுத்துப் பேசுகிறான், பேரன் எடுத்து விளையாடுகிறான். இரும்புப் பெட்டிச் சாவியை இப்படி விட்டிருப்போமா? ஆர்டர் வாங்க ஒரு நம்பர், வங்கிக்கு வேறு நம்பர் என்று பிரிப்பதற்கு ஒரு சாதாரணக் கைப்பேசியும் ஒரு சிம் கார்டும்தான் செலவு. வங்கி நம்பரை யாருக்கும் கொடுக்க வேண்டாம், பலகையில் எழுத வேண்டாம். எங்கள் மண்டியில் வங்கிக் கைப்பேசி மேஜை டிராயரை விட்டு வெளியே வருவதில்லை. கணக்கப்பிள்ளைக்குக் கூடத் தேவை ஏற்படும்போதுதான் டிராயர் திறக்கப்படும்.

பழைய நம்பரைக் கைவிடுவதிலும் ஒரு கவனம் வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு இணைப்பு துண்டிக்கப்பட்ட நம்பரை, குறைந்தது 90 நாட்கள் கழித்துத் தொலைபேசி நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வங்கியில் நம்பர் மாற்றாமல் இருந்தால் நம் ஓ.டி.பி. அவருக்குப் போகும். முதலில் வங்கி, ஜி.எஸ்.டி., வருமான வரி, ஆதார் ஆகிய நான்கு இடங்களிலும் புது நம்பரைப் பதிந்துவிட்டுத்தான் பழையதை விட வேண்டும். அதே போல, காரணம் இல்லாமல் கைப்பேசியில் சிக்னல் அடியோடு போய் நெடுநேரம் வராமல் இருந்தால், ‘டவர் இல்லை போலிருக்கிறது’ என்று விட்டுவிடக் கூடாது. நம் பெயரில் போலி ஆவணம் கொடுத்து வேறு சிம் வாங்கிவிட்டால் நம் சிம் செத்துப்போகும். உடனே வேறு போனிலிருந்து தொலைபேசி நிறுவனத்துக்கும் வங்கிக்கும் பேச வேண்டும். நம் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நாம் வாங்காத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். தொலைந்த கைப்பேசியை முடக்கவும் அதே தளத்தில் வழி உண்டு. அதற்குக் கைப்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண் கேட்பார்கள். நட்சத்திரம், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். இன்றே அதைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் திருமணப் பத்திரிகை என்றும், வண்டிக்கு அபராதச் சீட்டு என்றும், வங்கி விவரம் புதுப்பிக்க வேண்டும் என்றும் கோப்புகள் வருகின்றன. கோப்பின் பெயர் ‘ஏ.பி.கே.’ என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, செயலி. திறந்து நிறுவிவிட்டால் நமக்கு வரும் ஓ.டி.பி.யை அது வேறு ஆளுக்குக் கடத்திவிடும். நமக்குத் தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும், ஏனெனில் அவர் கைப்பேசி முன்பே கெட்டுப் போயிருக்கும். கல்யாணத்துக்கு அழைக்கிறவர் ஒரு வார்த்தை போனில் சொல்லாமலா இருப்பார்? பேசிக் கேட்டுவிட்டுத் திறந்தால் போகிறது. இதே வகையைச் சேர்ந்தவைதான் நம் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் செயலிகள். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது. வாடிக்கையாளர் சேவை நம்பரை இணையத்தில் தேடி, முதலில் வருவதற்குப் போன் செய்தால், பேசுகிறவர் அப்படி ஒரு செயலியைப் போடச் சொல்வது வழக்கம். வங்கி நம்பரைப் பாஸ் புத்தகத்திலோ ஏ.டி.எம். அட்டையின் பின்புறத்திலோ பார்த்துக்கொள்ளலாம். வங்கிகளின் இணையதள முகவரியும் ‘.பேங்க்.இன்’ என்று முடியும்படி மாற்றப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025இல் உத்தரவிட்டது. போலித் தளத்தை அடையாளம் காண இது உதவும்.

மூன்றாவது சாவி ஆவணங்கள். இதில்தான் நம் வணிகர்கள் மிகவும் தாராளமாக இருக்கிறோம். புதுக் கம்பெனி ஏஜென்சி எடுப்பதற்கு, கடன் விசாரிப்பதற்கு, ஸ்வைப் மெஷின் வாங்குவதற்கு, யார் கேட்டாலும் ஆதார், பான், மின்கட்டண ரசீது, ரத்தான காசோலை, ஜி.எஸ்.டி. சான்றிதழ் அத்தனையையும் ஒரே கட்டாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். இந்தக் கட்டை வைத்து நம் பெயரில் ஒரு கம்பெனி பதிவு செய்து, சரக்கே இல்லாமல் பில் மட்டும் போட்டு, வரிச் சலுகை எடுத்துவிட்டு ஆள் மறைந்துவிடுவான். வரி நோட்டீஸ் நமக்கு வரும். தினக்கூலிக்குப் போகிறவர்கள் பெயருக்குக் கோடிக்கணக்கில் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்த செய்திகளைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். நம் பான் எண்ணில் வேறு பதிவு ஏதாவது இருக்கிறதா என்பதை ஜி.எஸ்.டி. தளத்தில், வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் பான் எண்ணைக் கொடுத்து யாரும் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும்போது ஆடிட்டரிடம் சொல்லி இதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். தெரியாத பதிவு இருந்தால் அன்றைக்கே வரி அலுவலகத்திலும் காவல் துறையிலும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சீட்டையும் வாங்கி வைக்க வேண்டும்.

ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்பதை எழுத்தின் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது பழைய முறை, இன்றைக்கும் நல்ல முறை. ஆதாருக்கு, முதல் எட்டு எண்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் பிரதியை ஆதார் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அங்கே உண்டு. ஆதார் கைரேகை மூலம் பணம் எடுக்கும் முறையில் நடக்கும் திருட்டுக்கு அது தடுப்பு.

ஆவணம் வெளியே போனதன் இன்னொரு விளைவு, நம் பெயர், ஜி.எஸ்.டி. எண், கடை விலாசம் எல்லாம் சரியாகச் சொல்லி மிரட்டும் போன்கள். ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் வீடியோ போனில் சீருடையுடன் தோன்றி, நாள் முழுக்க உட்கார வைத்துப் பணம் பறிக்கிறார்கள். 2024 அக்டோபர் 27ஆம் தேதி வானொலி உரையில் பிரதமரே இதைக் குறிப்பிட்டு, சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது என்று சொன்னார். வரி அதிகாரி என்று சொல்லி வாட்ஸ்அப்பில் சம்மன் வந்தால் பதறாமல், ஜி.எஸ்.டி. தளத்தில் நம் கணக்கைத் திறந்து அங்கே ஏதாவது இருக்கிறதா என்று ஆடிட்டர் மூலம் பார்க்க வேண்டும். மத்திய வரி அலுவலகங்கள் அனுப்பும் கடிதங்களுக்கு 2019 நவம்பர் 8 முதல் ஆவண அடையாள எண் போடும் முறை வந்தது. அது சரியானதா என்று அவர்கள் தளத்திலேயே சரிபார்க்கலாம்.

நம்மிடம் இருக்கும் வாடிக்கையாளர் விவரங்களையும் மறந்துவிடக் கூடாது. பாக்கி நோட்டில் பெயர், தெரு, போன் நம்பர், எவ்வளவு கடன் என்பதெல்லாம் இருக்கிறது. அது கல்லாவில் விரித்துக் கிடக்கிறது. மொபைல் நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. அவை கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. வீட்டு டெலிவரிக்கு வாங்கும் நம்பரை அதற்கு மட்டும் பயன்படுத்துவதும், விளம்பரக்காரர்களுக்குப் பட்டியலைக் கொடுக்காமல் இருப்பதும் சட்டத்துக்காக மட்டும் அல்ல, நம் கடையை நம்பி வருகிறவர்களுக்காகவும்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்கக் கூடாது. ‘ஊரில் தெரிந்தால் கேலி பேசுவார்கள்’ என்று இரண்டு நாள் ஆறப்போட்டு வருகிறவர்கள் அதிகம். அதற்குள் பணம் நாலைந்து கணக்குகளுக்குத் தாவி ஏ.டி.எம்.மில் வெளியே போய்விடும். போன உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் அங்கேயே நிறுத்தி வைப்பதற்காகத்தான் அந்த நம்பர் இருக்கிறது. அடுத்து வங்கிக்குப் பேசிக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லி, புகார் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, நம் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை என்று வகுத்தது. ரகசிய எண்ணை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது நம் பொறுப்பு, தெரிவித்த பிறகு போனது வங்கியின் பொறுப்பு என்றும் கூறியது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. என்றாலும் எவ்வளவு சீக்கிரம் சொன்னோம் என்பதுதான் எப்போதும் முதல் கேள்வியாக இருக்கும்.

1930இல் பேசும்போது கேட்கப்படுபவை: நம் வங்கி, கணக்கு எண், பணம் போன தேதி, நேரம், தொகை, அந்தப் பட்டுவாடாவின் 12 இலக்கக் குறிப்பு எண். இந்த எண் கைப்பேசியில் அந்த வரவு செலவைத் தொட்டால் கீழே தெரியும். மோசடிக்காரனோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. போனில் சொன்ன பின் மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதிந்து, அதன் நகலை எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போக வேண்டும். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் சங்க நிர்வாகி ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம்.